"சிம்னி இருக்குத்தானே, பயமில்ல" என்று சொல்லி கேஸ் ஹீட்டர் பூட்ட வருகிறவர்களிடம் கவனம்

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த கையோடு எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா, நானுஓயா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் குளிருக்காகக் குளிக்கிற தண்ணி சுட வைக்கிற கேஸ் ஹீட்டர் வாங்க நினைக்கிறவர்கள் முழுக்க வாசியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். எங்களுக்குப் போன காசு 165,000 ரூபா. போகப் பார்த்தது அம்மாவின் உயிர்.

எங்கள் வீடு துரைமார் காலத்தில் கட்டியது. ஹாலில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிற இடம் இருக்கிறது, அதற்கு மேலே கூரையைத் தாண்டிப் போகிற செங்கல் சிம்னி. நாங்கள் அதைப் பாவிப்பதில்லை. 2022-க்குப் பிறகு கரண்ட் பில் ஏறிய ஏற்றத்தில் கரண்ட் ஹீட்டர் நமக்குக் கட்டாது என்று விட்டுவிட்டோம். ஜனவரியில் விடியற்காலை புல்லில் உறைபனி கிடக்கிற ஊர் இது. அம்மா விறகு ஊதி, தண்ணி காய வைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. என் சீட்டுக்காசும் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சல்லியும் சேர்ந்ததுதான் அந்த 165,000.

வாங்கியது ஃபோனில் ஓடுகிற ஒரு விற்பனைப் பக்கத்தில். கொழும்பில் கடை இருப்பதாகவும் மலையகம் முழுக்க வீட்டுக்கே வந்து பூட்டிக் கொடுப்பதாகவும் போட்டிருந்தார்கள். ஹீட்டர், புகைக்குழாய், பூட்டுகூலி, வேன் செலவு எல்லாம் சேர்த்து ஒரே விலை. முழுக்காசையும் முதலில் பேங்கில் போடச் சொன்னார்கள், போட்டோம். வீட்டு சிம்னியின் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். "சூப்பர் டீச்சர், இதுதான் நல்லது, சுவரை உடைக்கத் தேவையில்ல" என்று பதில் வந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மாவுக்கு கேஸ் என்றாலே பயம். 2021 கடைசியில் சிலிண்டர் வெடித்த செய்திகளைப் பார்த்த நாளிலிருந்து அடுப்புப் பக்கம் போகும்போதெல்லாம் முகர்ந்து பார்ப்பார். அதை இவர் கண்டுபிடித்துக்கொண்டார். ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணி கலக்கி, ரெகுலேட்டரிலும் ஹோஸ் மூட்டிலும் பூசி, "அம்மா, இங்க வாங்க, ஒரு குமிழி வருதா பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றும் வரவில்லை. பிறகு சிம்னிச் சுவரைக் கையால் தட்டி, "வெள்ளைக்காரன் கட்டினது, இது நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும். இனி நீங்க விறகு ஊத வேணாம்" என்றார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவர்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அந்த நிமிஷத்தை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. கசிவுக்குச் சோப்பு பூசிக் காட்டிய அதே மனிதர் புகை எங்கே போகிறது என்று கூரையில் ஏறிப் பார்க்கவே இல்லை.

ஹீட்டரின் சின்னக் கண்ணாடி வழியாகத் தெரிந்த நெருப்பு முதல் நாளே மஞ்சளாகத்தான் எரிந்தது. கேட்டேன். "புது மெஷின் டீச்சர், போகப் போக நீலமாகிரும்" என்றார். ஆகவில்லை. குளிர் கூடிய நாட்களில் எங்கள் எல்லோருக்கும் தலையிடி, வாந்தி வருகிற மாதிரி ஒரு பிரட்டல். தடிமன் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தோம். ஸ்கூலுக்குப் போனால் எனக்குச் சுகமாகிவிடும், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் தொடங்கும். கடைசியில் ஒரு இரவு, நாங்கள் ஒவ்வொருவராகக் குளித்து முடிக்கும்போது, ஹாலில் இருந்த அம்மா எழும்ப முடியாமல் கதிரையிலேயே சாய்ந்துவிட்டார். 1990 ஆம்புலன்சுக்கு அடித்தோம்.

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவி 98 காட்டியது. ஆனால் டாக்டர் அதை நம்பவில்லை. "வீட்டுல எல்லாருக்கும் தலையிடியா? வெளிய வந்தா குறையுதா? கேஸ் ஹீட்டர் இருக்கா?" என்று கேட்டு உடனே ஒட்சிசன் கொடுத்தார். நெருப்பு சரியாக எரியாதபோது வருகிற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு (கார்பன் மொனொக்சைட்) இரத்தத்தில் ஏறினால் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாதாம். ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் கேஸுக்கு மணம் சேர்த்துத்தான் விற்கிறார்கள், கசிந்தால் மூக்குக்குத் தெரியும். காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. அம்மா முகர்ந்து முகர்ந்து பார்த்தது எதற்கும் உதவவில்லை.

தெரிந்த பைப் பாஸ் (குழாய் வேலை செய்கிறவர்) ஒருவரைக் கூட்டி வந்து சிம்னியைத் திறந்து பார்த்தோம். அலுமினியச் சுருள் குழாய் சுவருக்குள் ஒரு சாண் போய், கீழே வளைந்து, பழைய கரியிலும் செங்கல் துண்டிலும் வாய் குத்திக் கிடந்தது. சுற்றிவரச் சீமெந்து பூசி அழகாக மூடியிருக்கிறார்கள். கூரையில் ஏறிப் பார்த்தால் சிம்னி உச்சியை எந்தக் காலத்திலோ மழைக்காகக் கொங்கிரீட் பலகை போட்டு அடைத்திருக்கிறது. வந்த புகை முழுக்க நெருப்பு மூட்டுகிற வாய் வழியாக ஹாலுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

உச்சி திறந்திருந்தாலும் இது சரிவராது என்று அந்த பாஸ் சொன்னார். கேஸ் ஹீட்டரின் புகை விறகுப் புகை அளவு சூடு இல்லை. அகலமான, குளிர்ந்த செங்கல் சிம்னிக்குள் போனதும் ஆறிவிடும், ஆறினால் மேலே இழுபடாது, அதிலுள்ள நீராவி சுவரில் தண்ணியாக வடியும். அதனால் சிம்னிக்குள்ளே அடியிலிருந்து உச்சி வரை தனியாக ஒரு ஸ்டெயின்லஸ் ஸ்டீல் குழாய் இறக்க வேண்டும். குறுக்கே போகிற துண்டு முடிந்தளவு கட்டையாக, ஹீட்டரிலிருந்து மேல்நோக்கி ஏற வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கீழ்நாட்டைவிட இங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு அளவு மெலிசு. கேஸைக் கொழும்புக்கு வைத்த அளவிலேயே விட்டால் நெருப்புக்குக் காற்றுப் போதாமல் போகும். அந்த மஞ்சள் நெருப்பு அதைத்தான் காட்டியிருக்கிறது.

கடைக்கு அடித்தேன். "டீச்சர், வாரண்டி மெஷினுக்குத்தான். சிம்னி உங்க வீட்டு சிம்னி." படம் கேட்டு வாங்கியது நீங்கள்தானே என்றால், "பூட்டின பாஸ் ஊருக்குப் போயிருக்கார்." திரும்ப அடித்தால் வேறு ஒரு பெண், "ஜன்னலைத் திறந்து வச்சுப் பாவிங்க மேடம்." இந்தக் குளிரில்! 165,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டபோது, பாவித்த சாமானை எடுக்க மாட்டோம் என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமெண்டை அழித்து என்னையும் பிளாக் பண்ணிவிட்டார்கள். 165,000 வாங்கும்போது இராத்திரி பத்து மணிக்கும் பதில் சொன்னவர்கள் இவர்கள்தான்.

விபரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். குழாய் வெளியே திறந்த வெளியில் முடிகிறதா என்று உங்கள் கண்ணால் பார்க்காமல் ஆளை அனுப்பாதீர்கள், சீலிங்குக்குள்ளே விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்களாம். பாத்ரூமுக்குள் ஹீட்டர் வேண்டாம். நெருப்பு மஞ்சளாக எரிந்தாலோ கரி பிடித்தாலோ உடனே நிறுத்துங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி என்றால் முதலில் வெளியே வாருங்கள். காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று வாங்கி வையுங்கள். பூட்டி முடிக்காமல் முழுக்காசு கொடுக்காதீர்கள், பூட்டிய வேலைக்கும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் அடித்துச் சொல்லியிருக்கிறேன், பில்லையும் படங்களையும் சேர்த்து எழுத்திலும் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி சிம்னியில் பூட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கு இராத்திரி அந்த ஹீட்டரைப் போடாதீர்கள். விடிந்ததும் ஒருவரைக் கூரையில் ஏற்றிப் பாருங்கள். பில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.