நீ கேப், பிரேஸ், 15 நிமிடப் பயிற்சி: கபடி ஆடுபவரின் முழங்காலை எது காப்பாற்றும்?

கபடி அணியில் சேரும் பையன் ஜெர்சிக்கு அடுத்து வாங்குவது முழங்காலில் மாட்டும் துணி உறையான நீ கேப்தான். அணியில் ஒருவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டால் போதும், மறுவாரமே பாதிப்பேர் காலில் நீ கேப் ஏறிவிடும். கொஞ்சம் காசு இருப்பவர்கள் இரண்டு பக்கமும் கீல் வைத்த ஹிஞ்ச் பிரேஸ் வரை போவார்கள். மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம்: ஆட்டத்துக்கு முன் 15, 20 நிமிடம் ஒழுங்கான பயிற்சி. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் மற்ற இரண்டும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ஜவ்வு எப்படிக் கிழிகிறது என்று பார்த்துவிடுவோம். பாடிப் போகும் ரெய்டர் எதிரணிப் பக்கத்தில் உள்ள போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புகிறார். ஒரு பாதம் தரையில் அழுந்தி நிற்க, உடம்பு மட்டும் சுழல்கிறது. முழங்கால் அதிகம் மடங்காமல் கிட்டத்தட்ட நீட்டியபடி இருக்கிறது. அந்த நிலையில் முன்தொடைத் தசை இறுகினால் கீழ்க்கால் எலும்பு முன்னால் இழுபடும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் மூட்டுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வின் வேலை. முழங்கால் நன்றாக மடங்கியிருந்தால் பின்தொடைத் தசை எலும்பைப் பின்னால் இழுத்துப் பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும். கால் நீட்டியிருந்தால் அதற்குச் சரியான கோணம் கிடைக்காது. இதோடு முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தும்விட்டால் மொத்த பாரமும் ஜவ்வின் மேல்தான்.

ஹேண்ட்பால், பாஸ்கெட்பால் ஆட்டங்களில் பெண்களுக்கு ஏசிஎல் கிழிந்த 10 சம்பவங்களின் வீடியோவை வைத்து, மூட்டு எந்தக் கணத்தில் எவ்வளவு திரும்பியது என்று அளந்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. பாதம் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி விநாடிக்குள் கிழிந்திருக்க வேண்டும் என்பது அதன் கணிப்பு. யோசித்துக் காலைத் திருத்த அந்த நேரம் போதவே போதாது. கால் இறங்கும்போதே சரியாக இறங்க வேண்டும். மூன்றில் எது இதற்கு உதவும் என்பதுதான் என் அளவுகோல்.

நீ கேப் உதவாது. அது மூட்டைக் கதகதப்பாக வைக்கும், மண் தரையில் தோல் உரியாமல் காக்கும், பழைய வலிக்குச் சற்று இதமாக இருக்கும். தோலில் ஒட்டியிருப்பதால் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் கொஞ்சம் கூடலாம். சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு கிடைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு இளைஞனின் ஏசிஎல் அறுபட ஏறக்குறைய 2,000 நியூட்டன் விசை, அதாவது 200 கிலோ எடை இழுக்கும் அளவு வேண்டும். அவ்வளவு விசையை மேலே போட்ட துணி தடுத்துவிடும் என்று நம்பக்கூடாது.

ஹிஞ்ச் பிரேஸின் கதை வேறு. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாதமியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய மாணவர்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 1990-ல் வெளியானது. பிரேஸ் போட்டவர்களுக்கு முழங்கால் காயம் குறைந்தது உண்மை. ஆனால் பலன் பெரும்பாலும் உள்பக்க ஜவ்வான எம்சிஎல்லுக்குத்தான். வெளிப்பக்கமிருந்து வரும் இடியைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. கபடியில் பிளாக் (குறுக்கே நின்று மறிப்பது), டேஷ் (மோதித் தள்ளுவது) போடும்போது அப்படிப்பட்ட இடி விழுவதுண்டு, அதனால் இதைத் தள்ளிவிட முடியாது. திரும்பும்போது தானாகக் கிழியும் ஏசிஎல்லுக்கு அதே நம்பிக்கையைத் தர முடியாது. இன்னொன்று, பிடிக்க வருபவரின் விரலும் முகமும் அந்தக் கம்பியில்தான் மோதும். நடுவர் அதோடு ஆட விடுவாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஸ்வீடனில் 12 முதல் 17 வயதுக்குட்பட்ட 4,564 கால்பந்துச் சிறுமிகளிடம் நடந்த சோதனை 2012-ல் வெளியானது. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை 15 நிமிடம் செய்தது ஆறே பயிற்சிகள்: ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, இரண்டு காலிலும் அதையே செய்வது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து மடக்கி இறங்குவது), குதித்துச் சரியாக இறங்குவது. அவர்களில் 7 பேருக்கு ஏசிஎல் காயம், வழக்கம்போல் ஆடிய பிரிவில் 14 பேருக்கு. ஆட்கள் எண்ணிக்கையையும் ஆடிய நேரத்தையும் கணக்கிட்டால் 64 சதவீதம் குறைவு. எண்கள் சிறியவை, ஆட்டமும் கால்பந்து. ஆனாலும் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் முழங்கால் படும் பாடு எல்லா ஆட்டத்திலும் ஒன்றுதான். அதனால் கபடிக்கும் இதை எடுத்துக்கொள்ளத் தயங்க மாட்டேன்.

இதில் ஒற்றைக் கால் பயிற்சியைக் கவனித்துச் செய்ய வேண்டும். கண்ணாடி முன் நின்று, ஒரு காலை மடக்கித் தூக்கி, மற்ற காலில் மெதுவாக இறங்குங்கள். முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகவே போகிறதா, பெருவிரலையும் தாண்டி உள்ளே சரிகிறதா? சரிந்தால் கோளாறு பெரும்பாலும் மூட்டில் இல்லை. இடுப்பின் பக்கவாட்டுத் தசை தொடையைப் பிடித்து நிறுத்தவில்லை. முழங்காலைப் பாதுகாக்க இடுப்புக்கு வேலை கொடுக்கச் சொல்வது இதனால்தான். பின்தொடைக்கு நோர்டிக் பயிற்சி: முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்காலைத் தோழர் அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் முன்னால் மெல்ல மெல்லச் சாய்வது. முதல் வாரம் மூன்று முதல் ஐந்து தடவை போதும். அதற்கே மறுநாள் தொடை வலிக்கும்.

தொடையைப் பிடிக்கும் தை ஹோல்டில் கால் மாட்டி, மேலே மூன்று பேர் விழுந்தால் எந்தப் பயிற்சியும் முழுக்கக் காப்பாற்றாது. அதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணில் ஆடிப் பழகியவர்கள் மேட் விரிப்பில் ஷூவோடு இறங்கும்போதும் கவனம் தேவை. மண்ணில் பாதம் சற்று வழுக்கி விட்டுக்கொடுக்கும். மேட் விரிப்பில் பிடித்துக்கொள்ளும்.

என்ன செய்தும் ஒருநாள் மூட்டுக்குள் ‘டப்’பென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், அப்புறம் நீ கேப்பை மாட்டிக்கொண்டு அடுத்த ரெய்டுக்குப் போகாதீர்கள். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அறுவை சிகிச்சையா, பிரேஸா, பிசியோதெரபியா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.