டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள்

"அண்ணே, இத்தனை மாசம் ஓட்டியிருக்கீங்க, ஆயில் ஒரு சொட்டு குறையலை பாருங்க. ஏறித்தான் இருக்கு. எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு." எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை என் முகத்துக்கு நேரே நீட்டி மெக்கானிக் இப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு ஆயில் நின்றது. குறைந்தால்தானே கவலை என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மூடிய எஞ்சினுக்குள் ஆயில் தானாக எப்படி ஏறும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பதினாறாயிரம் ரூபாயும் மூன்று நாள் லீவும் மிச்சமாகியிருக்கும்.

வீடு பாம்பன், வேலை மண்டபம். பாலத்தைத் தாண்டினால் ஆபீஸ். 2020 கடைசியில் வாங்கிய ஒன்றரை லிட்டர் பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் கார். மூன்று வருஷ வாரண்டி முடியும் வரை கம்பெனி சர்வீஸ்தான். அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் லீவு போட வேண்டும். அப்போதுதான் சித்தப்பா மகன் இந்த மெக்கானிக்கைச் சொன்னான். அவன் விசைப்படகு எஞ்சினை இறக்கி, பிரித்து, கோர்த்துக் கொடுத்தவர். போட் எஞ்சினில் அவர் கை வைத்தால் வைத்ததுதான், அதை இப்போதும் மறுக்க மாட்டேன். கடை ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதோடு விடுகிறேன். பெயர் போடப் போவதில்லை. பெயரைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் இது பல ஊரில் நடப்பதுதான்.

2023 டிசம்பரில் முதல் சர்வீஸ். துண்டுப் பேப்பரில் பேனாவால் எழுதிய பில், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஆயில் ஐந்து லிட்டர் 4,750, ஆயில் ஃபில்டர் 450, டீசல் ஃபில்டர் 1,900, ஏர் ஃபில்டர் 650, கூலி 1,200. மொத்தம் 8,950 ரூபாய். 2024 செப்டம்பரில் இரண்டாவது சர்வீஸ், கிட்டத்தட்ட அதே பில். அந்தத் தடவைதான் "கல்லு மாதிரி" சான்றிதழ் கிடைத்தது.

2025 பிப்ரவரியில் ஒரு நாள் பாலத்தில் மாட்டிக்கொண்டேன். புது ரயில் பாலத்தைப் படம் பிடிக்கச் சுற்றுலா வண்டிகள் ஓரமாக நின்றுவிட, பின்னால் வருகிறவர்கள் ஊர்ந்துதான் போக வேண்டும். அங்கேதான் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக ஒரு படம். டிபிஎஃப் அடைப்பு.

டிபிஎஃப் என்றால் எஞ்சினை ஒட்டி, சைலன்சர் பாதையில் இருக்கும் கரி வடிகட்டி. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற பிஎஸ்6 டீசல் கார்களில் இது வருகிறது. புகையில் இருக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பி வரும்போது கார் தானே கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கும். அதற்கு எஞ்சின் நல்ல சூட்டில், நிற்காமல் ஒரு பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும். நானோ பன்னிரண்டு நிமிடத்தில் ஆபீஸ் வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவேன். பாதியில் அணைத்தால் எரியாமல் மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயில் சேம்பரில் சேரும். ஆயில் "ஏறுவது" இப்படித்தான்.

காரும் சும்மா இருக்கவில்லை, சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. சில நாள் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். சில நாள் வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், கீழிருந்து சூடாக ஒரு தீய்ந்த வாடை வரும். ஏசி அதிகம் போட்டதால் என்று நினைத்தேன். கரியை எரித்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு என்று அது கேட்டிருக்கிறது.

விளக்கு எரிந்ததும் அதே மெக்கானிக்கிடம்தான் போனேன். முதலில் டாங்கில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் பைக்கில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்) கலக்கச் சொன்னார். பழைய டீசல் வண்டிக்காரர்கள் சொல்லும் வைத்தியம் அது. டிபிஎஃப் உள்ள வண்டியில் கூடுதலாகச் சாம்பல் சேர்வதுதான் மிச்சம். ஒரு வாரத்தில் எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொண்டது, வண்டி இழுக்கவில்லை. அப்புறம்தான் பெரிய யோசனை வந்தது: "பதினெட்டாயிரம் கொடுங்க. டப்பாவை வெட்டி உள்ள இருக்கிறதைத் தட்டி எடுத்துட்டு வெல்டிங் வச்சிடுவோம். மதுரையில மேப்பிங் பண்ற பையன் இருக்கான். இனி ஜென்மத்துக்கும் லைட்டு வராது." மேப்பிங் என்றால் டிபிஎஃப் இல்லாததைக் கண்டுகொள்ளாதபடி காரின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது. கம்பெனி வைத்த புகைத்தடுப்பைப் பிடுங்குவது சட்டத்துக்கு எதிரானது என்றேன். "இங்க யாருண்ணே குனிஞ்சு பாக்கப் போறா?" என்றார். அந்த ஒரு கேள்விதான் என்னை மதுரைக்குத் துரத்தியது.

மதுரையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஸ்கேனரை மாட்டும் முன்பே டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டான். நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மங்கலாக ஓர் ஈர வளையம் மெதுவாகப் பரவிக்கொண்டே போனது. "மோந்து பாருங்க சார்." பெட்ரோல் பங்க் வாடை. ஆயிலை வடித்து அளந்தால் ஆறு லிட்டரைத் தாண்டியது. ஊற்றியது ஐந்து. மீதியெல்லாம் டீசல். இப்படி நீர்த்த ஆயிலில் பேரிங்கும் டர்போவும் தேயும். அதைவிட மோசம், அளவு மீறி ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரித்து ஓட ஆரம்பித்துவிடும், சாவியை எடுத்தாலும் நிற்காது என்றான்.

அதுவரை மெக்கானிக்குக்குத் தெரியவில்லை போலும் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்து டீசல் ஃபில்டரைக் கழற்றினான். ஹவுசிங் போல்ட்டில் கம்பெனியில் வைத்த பெயிண்ட் கோடு உடையாமல் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த ஃபில்டரில் அச்சடித்த வருஷம் 2020. இரண்டு தடவை 1,900 வாங்கிய ஃபில்டர் ஒரு தடவைகூட மாறவில்லை. கடல் காற்று ஈரம், பாதி டாங்க் காலியாக நிற்கும் வண்டி, எங்கள் பக்கம் டீசலில் தண்ணீர் சேர இது போதும். ஃபில்டர் கோப்பையின் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. இன்ஜெக்டருக்கு டீசல் ஆயிரத்தைந்நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் போகிற வண்டியில் அந்தத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் இன்ஜெக்டர் செலவு தனி.

ஏர் ஃபில்டர் பழையதேதான், கம்ப்ரஸர் காற்றடித்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை கூட்டிப்போகிற வண்டி. காகிதம் ஓர் இடத்தில் கிழிந்து, சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தில் தனுஷ்கோடி மணல் பளபளத்தது. கூலண்ட் வெளுத்துப்போய் இருந்தது. ஒருநாள் கடைப் பையன் பக்கெட்டில் போர்த் தண்ணீர் எடுத்து ஊற்றியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குடிக்க முடியாத உப்புத் தண்ணீரை ரேடியேட்டர் மட்டும் எப்படிக் குடிக்கும்?

சரி, ஆயில்? அதைக் காட்டிக்கொடுத்தது என் மகன். இரண்டாவது சர்வீஸ் அன்று பானெட் திறந்த காருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் இருபது லிட்டர் பக்கெட், அதில் கைப்பம்பு, அதன் குழாய் என் எஞ்சினுக்குள். பக்கெட்டில் 15டபிள்யூ-40 என்று தெளிவாகத் தெரிந்தது, பில்லில் எழுதிய 5டபிள்யூ-30 இல்லை. போட்டுக்கும் லாரிக்கும் ஊற்றுகிற ஆயில். அந்த எஞ்சின்களுக்கு நல்ல ஆயில்தான், குறை சொல்லவில்லை. என் காருக்கு மேனுவல் கேட்பது ஏசிஇஏ சி3 என்கிற ஐரோப்பிய ஆயில் தரம், அதில் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. லாரி ஆயில்களில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். டிபிஎஃப்பில் சேரும் கரியை எரித்துவிடலாம். சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி இடத்தை அடைத்துக்கொண்டே வரும்.

என் தப்பும் இருக்கிறது. பன்னிரண்டு நிமிட ஓட்டத்துக்கு டீசல் கார் வாங்கியது நான், மேனுவலைப் பிரிக்காமல் வைத்திருந்ததும் நான். ஆனால் மாற்றாத ஃபில்டருக்குப் பணம் வாங்கியது என் ஓட்டத்தால் வந்ததில்லை.

ஸ்கேனர் வைத்து நின்ற இடத்திலேயே கரியை எரித்தார்கள், நாற்பது நிமிடம். புது ஆயில், எல்லா ஃபில்டரும், கூலண்டும் சேர்த்து 16,400. டிபிஎஃப்பே போயிருந்தால் லட்சத்தைத் தாண்டியிருக்குமாம். இப்போது வாரம் ஒரு நாள் காலையில் ராமநாதபுரம் வரை போய் வருகிறேன், நாலாவது கியரில், 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல். டாங்கைப் பாதிக்குக் கீழே விடுவதில்லை. டிப்ஸ்டிக்கை மாதம் இரண்டு தடவை நானே பார்க்கிறேன். எந்தக் கடையில் விட்டாலும் சீல் உடைக்காத கேன் என் கண் முன்னால் திறக்க வேண்டும், கழற்றிய பழைய ஃபில்டர் என் டிக்கியில் வர வேண்டும். கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

மதுரையிலிருந்து திரும்பிய பிறகு ஒரு நாள் அந்த 2020 ஃபில்டரை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனேன். இரண்டு பில்லையும் ஃபில்டரையும் மேஜையில் வைத்தேன். போட்டோவையும் காட்டினேன். அவர் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். டீ வந்தது. "விடுங்கண்ணே, நமக்குள்ள என்ன? அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்குவோம்" என்றார்.