அப்பாவுக்கு ஏரெட்ஸ்-2 மாத்திரை: பதினான்கு மாத அனுபவம்

அப்பா நாற்பது வருஷம் தையல்காரர். தான் ஓட்டிய காலர் தையல் நடுவில் வளைந்து தெரிகிறது என்று ஒரு நாள் மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. கண் டாக்டர், இரண்டு விழித்திரைக்கு அடியிலும் மஞ்சள் படிவுகள் இருக்கின்றன, டிரை ஏ.எம்.டி. (வயதாவதால் மையப் பார்வை மங்கும் நோயின் உலர் வகை), இடைநிலை என்றார். அதற்கென்று இருக்கும் வைட்டமின், தாதுக் கலவையான ‘ஏரெட்ஸ்-2’ மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

முதலில் வாங்கியது தப்பான டப்பா. மருந்துக் கடையில் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பொடி எழுத்தைப் படித்தால், பீட்டா கரோட்டின்! அப்பா எழுபது வயது வரை பீடி பிடித்தவர். 2001-ல் வந்த முதல் ஏரெட்ஸ் கலவையில் பீட்டா கரோட்டின் உண்டு. புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால், 2013-ல் வந்த இரண்டாவது கலவையில் அதற்குப் பதில் லூட்டின், ஸியாசாந்தின் என்ற இரண்டு நிறமிச் சத்துகள் வந்தன. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கிவிட்டது.

சரியான டப்பாவில் ஒரு நாளைக்கு வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 ஐ.யு., லூட்டின் 10, ஸியாசாந்தின் 2, துத்தநாகம் 80, தாமிரம் 2 மி.கி. இருக்க வேண்டும். பல ‘கண் மாத்திரை’களில் லூட்டின் மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் பேருக்குத்தான்.

நாங்கள் வாங்குவது காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு தடவை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு மதியம் வரை குமட்டலில் படுத்திருந்தார். இப்போது இட்லி சாப்பிட்ட பிறகுதான்.

இது பார்வையைத் திருப்பித் தராது. இடைநிலையிலிருந்து முற்றிய நிலைக்குப் போகும் ஆபத்தை ஐந்து வருஷத்தில் சுமார் 25 சதவீதம் குறைக்கும், அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விஷயம். அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்த இரண்டு கண் ஊசிகளைப் பற்றியும் கேட்டேன். அவை விழித்திரை செல்கள் திட்டுத்திட்டாக அழிந்துபோன முற்றிய நிலைக்கு. அழிவை மெதுவாக்கும், போன பார்வையை மீட்காது, அப்பாவுக்கு இப்போது தேவையில்லை என்றார் டாக்டர். 2025-ல் செய்தியில் வந்த, விழித்திரைக்கு அடியில் பொருத்தும் சிப்பும் மையப் பார்வை போனவர்களுக்குத்தான்.

மாத்திரையோடு டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட அட்டையை பீரோ கதவில் ஒட்டியிருக்கிறோம். அப்பா கண்ணாடி போட்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, நடுப்புள்ளியைப் பார்ப்பார். அப்புறம் அடுத்த கண். கோடு புதிதாக வளைந்தாலோ மறைந்தாலோ அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். அது ரத்தக்குழாய் கசியும் ‘வெட்’ வகையாக மாறுவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு ஊசி உண்டு, தாமதிக்கக் கூடாது.

போன மாத ஸ்கேனில் மாற்றம் இல்லை. அடுத்த டப்பாவும் இதேதான் வாங்கப்போகிறேன். நீங்கள் வாங்குவதானால், காசு கொடுக்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.