ஒரே மூச்சிலா, தொட்ட கோப்பில் மட்டுமா? பழைய நிரலுக்கு ஃபார்மேட்டர் கொண்டுவரும் வழிகள்

காரைக்குடியில் நாங்கள் பராமரிக்கும் கடைக் கணக்கு மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டது, பல கை மாறியது. ஒருவர் ஒற்றை மேற்கோள் போடுவார், அடுத்தவர் இரட்டை மேற்கோள். ஒருவர் வரியை எழுபது எழுத்தில் மடிப்பார், இன்னொருவர் திரைக்கு வெளியே ஓடவிடுவார். நிரலின் தோற்றத்தை ஒரே பாணிக்குச் சீராக்கும் தானியங்கி ஃபார்மேட்டர் வேண்டும் என்பதில் அலுவலகத்தில் கருத்து வேறுபாடு இல்லை. எது, எப்படி என்பதில்தான் வழக்கு.

கருவிகளில் ஆட்டோபெப்8, பைத்தானின் நடை விதிகளான பெப்-8இன் மீறல்களை மட்டும் திருத்தும், மற்றவற்றை விட்டுவிடும். எங்கள் நோய்க்கு அது போதாது. கூகுளில் பிறந்த யாப்ஃப் நேர் எதிர். ஏராளமான அமைப்புகளைத் தருகிறது. ஒவ்வோர் அமைப்பும் ஒரு கூட்டத்துக்குக் காரணமாகும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. 2018இல் வெளிவந்த பிளாக் பிடிவாதக்காரக் கருவி: வரிக்கு 88 எழுத்து, இரட்டை மேற்கோள், பேரத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்ற வரிசை தெரிந்தவருக்குப் புது வீட்டிலும் அடுப்படி தேட வேண்டியிருக்காது. பிளாக் பூசிய நிரலும் அப்படித்தான். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நிரலின் தொடரியல் மரம், அதாவது அதன் இலக்கணக் கட்டமைப்பு, ஒத்திருக்கிறதா என்று அதுவே சரிபார்க்கும். வட்டி கணக்கிடும் பழைய வரிகளைத் தொட அஞ்சுபவருக்கு இது பெரிய தெம்பு.

ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃப் என்ற நிரல் சோதிப்புக் கருவி, 2023இல் தன் ஃபார்மேட்டரைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய பிளாக்கின் வடிவத்தையே மிக வேகமாகத் தருகிறது. முதல் பெரிய மாற்றத்தை பிளாக்கால் செய்துவிட்டு, அன்றாட வேலையை ரஃபிடம் ஒப்படைப்பது என் தேர்வு.

கருவியைவிட, அதை நுழைக்கும் விதம்தான் கடினம். தொடும் கோப்பை மட்டும் மாற்றுவது சாதுவான வழியாகத் தெரியும். நடைமுறையில் இரண்டு வரித் திருத்தம் நூற்றுக்கணக்கான வரி மாற்றத்துக்குள் புதைந்து வரும். மாற்றத்தைப் படித்துச் சரிபார்த்து ரிவ்யூ செய்பவர் பிழையைக் கோட்டைவிடுவார். டார்க்கர் என்ற கருவி மாறிய வரிகளை மட்டும் சீராக்கும். அதன் பலன், ஒரே செயற்கூறில் பாதி ஒரு பாணி, பாதி இன்னொரு பாணி.

எல்லாவற்றையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவாக, மாற்றுவதற்கு இரண்டு எதிர்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் பிளேமைப் பார்த்தால் எல்லா வரியிலும் ஒரே பெயர் வரும் என்பது முதலாவது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட், 2019இல் வந்த 2.23 பதிப்பில் அதைத் தீர்த்துவிட்டது: அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, அதைப் பிளேம் ஒதுக்கும்படி அமைக்கலாம். தனித்தனியே வேலை நடக்கும் கிளைகளான, இன்னும் திறந்து கிடக்கும் பிராஞ்சுகளின் மோதல் இரண்டாவது. இதுதான் உண்மையான தலைவலி. பெரிய மாற்றத்துக்கு முந்தைய கமிட்டை முதலில் உங்கள் பிராஞ்சில் இணையுங்கள், அதாவது மெர்ஜ் செய்யுங்கள். அதே பதிப்பு பிளாக்கை அங்கே ஓட்டி, கமிட் செய்யுங்கள். பிறகு பெரிய மாற்றத்தை, நம் பக்கத்தையே வைத்துக்கொள்ளும் முறையில் மெர்ஜ் செய்தால் மோதல் மறையும்.

பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ திட்டம், ஒரே மூச்சில் மாற்றும் இந்த வழியைத்தான் எடுத்தது. முடிவு 2019இலேயே எடுக்கப்பட்டாலும், பிளாக் சோதனைநிலையைக் கடக்கும்வரை காத்திருந்து, 2022 பிப்ரவரியில்தான் மொத்த நிரலையும் மாற்றினார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கிறது.

எங்களுக்கு நாள் குறிப்பது எளிது. மார்ச்சில் கடைகள் கணக்கு முடிக்கும்போது யாரும் நிரலில் கைவைக்கக் கூடாது. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போகும்போது பிராஞ்சுகள் குறைவாக இருக்கும். பிளாக் தன் நிலையான பாணியை ஆண்டுக்கொரு முறை, ஜனவரியில்தான் மாற்றுகிறது. அந்தப் பதிப்பையே பூட்டிவைத்தால் அடுத்த ஜனவரிவரை கவலையில்லை.

ஜிஎஸ்டி விகித அட்டவணையைப் போல, கையால் நெடுக வரிசைப்படுத்திய பகுதிகளை மட்டும், கருவியைத் தொடாதே என்று சொல்லும் 'ஃபார்மேட் ஆஃப்' குறிப்புக்குள் வைத்துவிடலாம். வேறு இடத்துக்கு விதிவிலக்குக் கேட்பவர், அதன் காரணத்தையும் அங்கேயே குறிப்பாக எழுத வேண்டும்.