தினம் ஒரு டாரட் சீட்டு என்று பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை வட்டாரத்தில் இருப்பவர்கள், முக்கியமாக வீட்டிலிருந்தே சின்னதாகத் தொழில் செய்யும் பெண்கள், இதைப் படித்துவிட்டு நாலு பேருக்குச் சொல்லுங்கள். "தினசரி டாரட், எண் சாதனா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. டாரட் என்பது படம் போட்ட சீட்டை எடுத்துப் பலன் சொல்வது. மாதம் 999 ரூபாய். தினமும் காலை ஆறு மணிக்கு உங்கள் பிறந்த தேதிக்கென்றே எடுத்த சீட்டு உங்கள் போனுக்கு வரும் என்பார்கள். என் சித்தி பெண் சுதா இதில் சேர்ந்து 19,998 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறாள். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "ஊர்ல ஆயிரம் சுதா இருக்காங்க, போடுக்கா. பேரை வெச்சுத்தானே அவன் எல்லாத்தையும் பண்ணான்" என்றாள்.

டாரட்டே பித்தலாட்டம், இதற்கெல்லாம் பணம் கட்டுவார்களா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானே தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு ஒரு சீட்டு எடுக்கிறவள்தான். 78 சீட்டுக் கட்டு. பெரிய சீட்டு 22, சின்னச் சீட்டு 56. எது வருகிறதோ அதன் எண்ணையும், படத்தில் முதலில் கண்ணில் பட்டதையும் டைரியில் ஒரு வரி எழுதிவிட்டு பாரிமுனைக்கு பஸ் பிடிக்கப் போய்விடுவேன். அங்கே ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிற வேலை. ராத்திரி படுக்கும் முன் அந்த வரியைத் திரும்பப் படிப்பேன். கோபுரம் இடிந்து விழுகிற 16-ஆம் சீட்டு வந்த நாளில் இன்கிரிமென்ட் வந்திருக்கிறது, 19-ஆம் சீட்டான சூரியன் வந்த நாளில் பர்ஸ் தொலைந்திருக்கிறது. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. கட்டு வாங்கிய காசு ஒரு தடவைதான்.

சுதாவுக்கு நடந்தது வேறு. பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள், எம்.சி. ரோட்டில் புடவை எடுப்பவர்கள் நேரே அவளிடம் வருவார்கள். நடுவில் கொஞ்ச நாள் ஆர்டர் குறைந்தது. அந்த நேரம் பார்த்து இந்த அழைப்பு வந்திருக்கிறது. ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் அறை, ஏசி, மேஜையில் சிவப்பு வெல்வெட் துணி. அங்கே உட்கார்ந்திருந்தவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட வேண்டுமாம். இது ஐயாயிரம் வருஷத்து எகிப்து ரகசியம் என்று ஆரம்பித்திருக்கிறார்.

எகிப்து கதையை யார் சொன்னாலும் எச்சரிக்கையாகிவிடுங்கள். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடிய சீட்டாட்டம். 1781-இல் பிரான்ஸில் கூர் த ஜெபலான் என்பவர்தான் இது எகிப்திய ஞானம் என்று எழுதிவைத்தார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டியது 1822-இல். அதாவது அந்த எழுத்தில் ஒரு வரி படிக்கத் தெரியாத காலத்திலேயே அந்தக் கதை கிளம்பிவிட்டது. இன்று பெரும்பாலானோர் கையில் இருக்கும் படங்கள் 1909-இல் லண்டனில் வந்தவை. எப்படி வரைய வேண்டும் என்று சொன்னவர் வெயிட் என்ற எழுத்தாளர், வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். கட்டு அதை வெளியிட்ட ரைடர் கம்பெனி பெயரில்தான் பிரபலம். பல காலம் அந்தப் பெண்ணின் பெயரை யாரும் சொன்னதே இல்லை.

முதல் மாதம் வந்த சீட்டுகள் பெரும்பாலும் நல்லவை: நட்சத்திரம், உலகம், பத்துக் கிண்ணம். இரண்டாம் மாதம் திடீரென்று இருட்டு. அவள் மாமனாருக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் வைத்திருந்த காலையில் 13-ஆம் சீட்டு வந்து விழுந்தது. மரணம். கூடவே வாய்ஸ் மெசேஜ்: "சிஸ்டர், இன்னைக்கு வீட்ல ஜாக்கிரதை." ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அது தனி. ஆனால் அன்று முழுக்க அவள் தையல் மெஷின் பக்கமே போகவில்லை.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வருகிறது, காலடியில் ராஜா விழுந்து கிடக்கிறார், ஒரு குழந்தை மண்டியிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால், தூரத்தில், இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் சூரியன். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றுதான் அதைப் பழகியவர்கள் படிப்பார்கள். மாஸ்டர் அனுப்பிய போட்டோவில் சூரியன் இருக்கும் பக்கம் வெட்டப்பட்டிருந்தது. எலும்புக்கூடும் குதிரையும் மட்டும் போன் திரை நிறைய. இதைக் கவனிக்காமல் நடந்த வெட்டு என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

மறுநாள் மாஸ்டரிடமிருந்து போன். உங்கள் பெயர் எண் 8, சனி உட்கார்ந்திருக்கிறார், டாரட்டிலும் 8-ஆம் சீட்டு நீதிதான், அதனால் வழக்கு வம்பு வரும். நம் ஊரில் எட்டு என்றால் வயிறு கலங்காதவர் யார்? வண்டி நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் வேறு நம்பர் கேட்கிற ஜனங்கள் நாம். அவரிடம் இருப்பது ரைடர் கட்டு. அதில் 8 சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கும் பெண், வலிமை. நீதி 11. பிரான்ஸில் புழங்கிய பழைய மார்செய் கட்டில்தான் 8 நீதி. வெயிட் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். சீட்டின் தலையிலேயே ரோமன் எண் அச்சடித்திருக்கிறது. கையில் உள்ள சீட்டைக்கூடப் பார்க்காமல் பேசுகிறவர் என்று அங்கேயே தெரிகிறது.

பெயர்க் கணக்குக்கு வருகிறேன். பணம் போனது இந்த வழியாகத்தான். ஆங்கில எழுத்துக்கு எண் கொடுக்க இரண்டு அட்டவணை புழக்கத்தில் உண்டு. ஒன்று பித்தகோரஸ் பெயரில் உள்ளது: ஏ ஒன்று, பி இரண்டு என்று வரிசையாக ஒன்பது வரை போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இன்னொன்று கல்தேய முறை, கீரோ என்ற கைரேகை ஜோசியர் பரப்பியது, தமிழ்நாட்டில் பெரும்பாலான பெயரியல்காரர்கள் பார்ப்பது இதைத்தான். இதில் எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. நீங்கள் எதை நம்பினாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் என்ன செய்தார் என்று பேப்பர் பென்சிலோடு பாருங்கள்.

பழைய பெயருக்குப் பித்தகோரஸ் அட்டவணை: எஸ் 1, யூ 3, டி 4, எச் 8, ஏ 1. மொத்தம் 17, அதாவது 8. சனி. உடனே பரிகாரமாக ஒரு எச் சேர்க்கச் சொன்னார். புதுப் பெயருக்குக் கல்தேய அட்டவணை: எஸ் 3, யூ 6, டி 4, எச் 5, இன்னொரு எச் 5, ஏ 1. மொத்தம் 24, அதாவது 6. சுக்கிரன், தையல் தொழிலுக்கு அமோகம். சரி, பழைய பெயரையே கல்தேயத்தில் போட்டால்? 3, 6, 4, 5, 1. மொத்தம் 19, அதாவது 1. சூரியன். கீரோ முறையில் 19 ரொம்ப நல்ல எண் என்று கொண்டாடுவார்கள். எங்கள் சித்தப்பா முப்பது வருஷம் முன்னால் கணக்குப் பார்க்காமல் வைத்த பெயர், அவர்கள் சாஸ்திரப்படியே பழுதில்லாத பெயர். அதைப் பழுது என்று சொல்ல 5,400 ரூபாய்.

அப்புறம் எண் யந்திரமும் கல் பிரேஸ்லெட்டும் 3,600. கெசட்டில் பெயர் மாற்ற 9,000. எல்லாத் தொகையையும் கூட்டி, வரும் எண்ணின் இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பது வருகிறது பார்த்தீர்களா, அது செவ்வாயின் பலமாம். ஒன்பதின் மடங்குகளை எத்தனை கூட்டினாலும் ஒன்பதின் மடங்குதான் வரும். அது மூணாம் வகுப்பு வாய்ப்பாடு. கடைசியாக மண்டல சாதனா என்று 27,000 கேட்டபோதுதான் சுதா எனக்கு போன் செய்தாள். திருவொற்றியூர் சந்நிதித் தெருவில் சின்ன வயதில் பார்த்த கிளி ஜோசியக்காரர்கூட ஒரு சீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு கிளியைக் கூண்டுக்குள் அனுப்பிவிடுவார். கிளியை அடைத்து வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்.

அவள் போனில் இருந்த சீட்டுப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவும் இதே திட்டத்தில் சேர்ந்திருந்தார். அவர் போனையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். ஒரே காலை, ஒரே சீட்டு. சீட்டைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் அதே, வெல்வெட் துணியில் மெழுகுவர்த்தி சொட்டிய கறை அதே. தொடர்ந்து மூன்று நாள் இப்படி. இருவருக்கும் தனித்தனியாகக் கலைத்து எடுத்தால் ஒரு நாள் ஒரே சீட்டு வர வாய்ப்பு 78-இல் ஒன்று. தொடர்ந்து மூன்று நாள் வர 4,74,552-இல் ஒன்று. பிறந்த தேதிக்கென்றே எடுத்தார்களாம்.

கெசட் விஷயம் வங்கியில் உடைந்தது. புது எச் போட்டுக் கடை போர்டையும் மாற்றி எழுதியிருந்தாள். கணக்கிலும் பெயரை மாற்றிவிடலாம் என்று மாஸ்டர் கொடுத்த லேமினேட் செய்த காகிதத்தை நீட்டியிருக்கிறாள். மேலே கோபுர முத்திரை, கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து. கவுன்டரில் இருந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கெசட் இல்லம்மா, யாருகிட்ட குடுத்தீங்க?" என்று கேட்டார். தமிழ்நாடு அரசிதழில் தனிநபர் பெயர் மாற்றம் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் வரும். எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பப் படிவமும் இருக்கிறது, வெளிவந்த இதழ்களும் இருக்கின்றன. யாராவது மாற்றிக் கொடுத்தேன் என்றால் எந்தத் தேதி இதழ், எத்தனையாம் பக்கம் என்று கேளுங்கள். சுதாவின் காகிதத்தில் தேதி இருந்தது. அந்தத் தேதி இதழில் அவள் பெயர் இல்லை.

பணத்தைக் கேட்க நானும் கூடப் போனேன். பழைய பெயருக்கு எந்த டேபிள், புதுப் பெயருக்கு எந்த டேபிள் என்றேன்.

"மேடம், அதெல்லாம் இன்ட்யூஷன்."

"இன்ட்யூஷனுக்கு எதுக்கு சார் கூட்டல்?"

"சிஸ்டருக்காகச் செலவான எனர்ஜியைத் திரும்ப எடுக்க முடியாது மேடம்."

"எனர்ஜி உங்களோடவே இருக்கட்டும். பணத்தைக் குடுங்க."

அதற்குள் அடுத்த கஸ்டமர் வந்துவிட்டார்; கதவு வரை வந்து வழியனுப்பினார். ரசீது கிடையாது. ஜிபே போனது வேறொருவர் பெயரில் உள்ள கணக்குக்கு. அன்றே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். கேட்காவிட்டால் தரமாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். மோசடிக்கான பழைய நானூற்று இருபது 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்ஸில் 318(4) ஆகிவிட்டது, எழுதும்போது உதவும். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதும் கெசட்டுக்கு வாங்கிய 9,000 மட்டும் திரும்பி வந்தது. போலிக் காகிதம் என்பதால் அதற்குத்தான் பயம். மற்றது "ஆலோசனைக் கட்டணம்" என்று சாதிக்கிறார். அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறோம், இன்னும் முடிவு தெரியவில்லை. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். நாள் ஆக ஆகப் பணம் அந்தக் கணக்கில் நிற்காது.

இந்த வாரம் அந்த மாடியில் பூட்டு தொங்குகிறது. பெரம்பூர் பக்கம் வேறு பெயரில் தொடங்கியிருப்பதாக எதிர்வீட்டு அக்கா சொல்கிறார், நான் நேரில் பார்க்கவில்லை. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வாட்ஸ்அப் படங்களையும் வாய்ஸ் மெசேஜையும் அழிக்காதீர்கள், கோபத்தில் பிளாக் செய்யும் முன் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். லேமினேட் செய்த அந்தக் காகிதம் யார் வீட்டிலாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஸ்டேஷனில் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான்.