பி.எம். கிசான் 2000 ரூபாய்: நீலகிரியில் தவணை நிற்பது எங்கே?

பி.எம். கிசான் என்பது ஒன்றிய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகை: வருஷத்துக்கு 6000 ரூபாய், 2000 வீதம் மூன்று தவணை. கேரட், உருளை போடுகிறவர்களுக்கு இது பெரிய தொகை இல்லை. ஒரு மூட்டை டிஏபி உரத்துக்கு 1350 ரூபாய் போனால் மிச்சம் வண்டி வாடகைக்குச் சரி. ஆனால் இடையில் யார் கையும் படாமல் நேரே பேங்க் கணக்கில் விழுகிறது. அந்த வகையில் திட்டத்துக்குத் தாராளமாக மார்க் போடலாம். மலையில் இது இழுத்தடிப்பதெல்லாம் பெரும்பாலும் பட்டாவால்தான்.

தவணை வரவில்லையா, பி.எம். கிசான் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு ஸ்டேட்டஸ் பாருங்கள். லேண்ட் சீடிங் (உங்கள் பேரில் நிலப் பதிவு இணைப்பு), இ-கேஒய்சி (ஆதார் வழி ஆள் சரிபார்ப்பு), ஆதார் பேங்க் சீடிங் (பேங்க் கணக்கோடு ஆதார் இணைப்பு) என்று மூன்று வரி இருக்கும். ஒன்றில் 'நோ' என்றிருந்தாலும் பணம் நிற்கும்.

பேங்க் சீடிங்கில் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கில் ஆதார் நம்பர் கொடுத்திருந்தால் மட்டும் போதாது, எந்த ஆதாருக்கு எந்தக் கணக்கு என்று காட்டும் என்பிசிஐ மேப்பர் பட்டியலில் அந்தக் கணக்கு ஏறியிருக்க வேண்டும். பேங்கில் 'டிபிடி-க்கு (அரசுப் பணம் நேரே கணக்கில் வருவதற்கு) ஆதார் இணைக்க' என்று கேட்டுப் படிவம் கொடுங்கள். இரண்டு பேங்கில் கணக்கு இருந்தால், கடைசியாக மேப்பரில் ஏறிய கணக்குக்குத்தான் பணம் போகும். வரவில்லை என்று அலைவதற்கு முன் மற்ற பாஸ்புக்கையும் ஒருமுறை என்ட்ரி போட்டுப் பார்ப்பது நல்லது.

இ-கேஒய்சியில் தொல்லை கைரேகை. வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலை மெஷின் எளிதில் எடுக்காது. ஆதாரில் செல் நம்பர் இருந்தால் ஓடிபி போதும், இல்லாவிட்டால் பி.எம். கிசான் செயலியில் முகம் காட்டி முடித்துவிடலாம்.

லேண்ட் சீடிங்தான் பெரிய தலைவலி. ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கும், உழுவது பேரன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து முதலில் பட்டா மாறுதலுக்கு எழுதிப் போடுங்கள். சர்வேயர் வந்து உட்பிரிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் ஏறினாலே தகுதி வந்துவிடும். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கிரயம் வாங்கிய நிலத்துக்குக் கிடையாது, வாரிசு வழியில் வந்ததற்கு உண்டு. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம், அதில் ஒருவருக்கு மட்டும். வருமான வரி கட்டுகிறவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இப்போது கேட்கிற விவசாயி அடையாள எண்ணுக்கும் இதே பட்டாவும் ஆதாரும்தான்.

பட்டா சரியானால் ஸ்பிரிங்ளர் மானியத்துக்கும் கதவு திறக்கும். 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். இதில் மானியம் உங்கள் கணக்குக்கு வராது, சாமான் போட்டுத் தரும் கம்பெனிக்குப் போகும். அதனால் வேலை முடிந்தது என்று நீங்கள் போடும் கையெழுத்துதான் உங்கள் பிடி. எல்லா ஸ்பிரிங்ளர் தலையும் சுற்றுவதைத் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் அதைப் போடாதீர்கள். சரிவில் பைப்பை மேலிருந்து கீழாக இழுத்தால் கீழ்த் தலை பீய்ச்சும், மேல் தலை சொட்டும். சரிவுக்குக் குறுக்காகப் போடச் சொல்லுங்கள். ஓடைத் தண்ணீர் என்றால் ஃபில்டர் இல்லாமல் ஏற்றுக்கொள்ளவே கூடாது, மழைக்காலத்து மண் நாசிலை அடைத்துவிடும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் கதை வேறு. 1969 ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், உரிமை முடிவாகாமல் சிக்கிய நிலத்தில் எத்தனை காலமாகத் தேயிலையும் காபியும் போட்டு வந்தாலும் கையில் பட்டா இல்லை. பட்டா கேட்கும் மானியம் எதுவும் அங்கே நகராது. 'ஆள வச்சு முடிச்சுத் தரேன்' என்று அதற்குப் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.