பாலிமர் நோபல்: 1953-ஆ, 1963-ஆ?

சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிதான் பாலிமர். அதைப் பற்றிய ஆய்வுக்கு இந்த இரண்டு வருடங்களிலும் வேதியியல் நோபல் கிடைத்தது. எது பெரிது? 1953 பரிசை ஹெர்மன் ஸ்டாடிங்கர் தனியாக வாங்கினார், 72 வயதில். ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலி என்று 1920-லேயே சொன்னவர். சக வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. முப்பது வருடக் காத்திருப்பு!

1963 பரிசைக் கார்ல் சீக்லரும் ஜூலியோ நாட்டாவும் பகிர்ந்துகொண்டார்கள். கண்டுபிடித்துப் பத்தே வருடம். அதுவரை ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தம் கேட்ட பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், சீக்லரின் வினையூக்கியால் சாதாரண அழுத்தத்திலேயே உருவானது. அப்புறம் நாட்டா அதே வழியில் பாலிபுரொப்பிலீனை ஒழுங்கான அமைப்பில் செய்து காட்டினார். டிபன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன்தான்.

பயன் என்று பார்த்தால் 1963. சரி, என் ஓட்டு? ஸ்டாடிங்கருக்கு. சங்கிலி இருப்பதையே நம்பாதவர்கள் அதை எப்படி ஒழுங்குபடுத்துவார்கள்?